‘சேர்ந்துதானே போறோம்!’

திருக்கோகர்ணம் பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்று இன்னொரு பெயர் உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் அவள் உருவத்தைப் பொறித்து அடித்த சின்னஞ்சிறு செப்புக் காசுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் அம்மன். மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்து. நவராத்திரி நாட்களில் அரிசியோடு அந்தக் காசையும் சேர்த்துத் தானம் கொடுப்பார்கள். பொருள் ஏதாவது தொலைந்துபோனால், ‘அரைக்காசு அம்மா, உனக்கு வெல்லம் வைக்கிறேன்’ என்று வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பீரோ சாவி, கம்மல் திருகாணி, ரேஷன் கார்டு என்று அம்மன் கண்டுபிடித்துக் கொடுத்த பட்டியல் வீட்டுக்கு வீடு நீளும்.

பொருளுக்குப் பதில் ஆளே தொலைந்தால்? சென்ற செப்டம்பரில், கோலாலம்பூரின் பூமிக்கடியில் இருக்கும் ஒரு ரயில் நிலையத்தில் நான் தனியாக நின்றபோது அந்தச் சந்தேகம் எனக்கு வந்தது. கையில் போன் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ஒரு சென் காசும் இல்லை. நிலையத்தை விட்டு வெளியே போகத் தேவையான டோக்கன்கூட என்னிடம் இல்லை. எல்லாம் என்னவரின் இடுப்புப் பையில் பத்திரமாக இருந்தன. அந்தப் பையோடு அவர் ரயிலில் போய்விட்டார்.

வாசலில் விமான நிலையம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளிநாடு போவது ஒரு வகையில் எளிது. திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டைச் சாலையில்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு காரில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய புதிய முனையத்தின் முன் நிற்கலாம். அங்கிருந்து கோலாலம்பூர் சுமார் நான்கு மணி நேரம். எங்கள் தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி, நாட்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டே போய்ப் பினாங்கில் இறங்கினார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. இப்போது இரவு இட்லி சாப்பிட்டு ஏறினால் பொழுது விடிய மலேசியா.

விசாவும் வேண்டாம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவைச் சுற்றிப் பார்க்கலாம். இந்தச் சலுகையை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள்.

என்னவர் பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. கல்யாணமாகி 32 ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டும் போன பயணம் என்று ஒன்று கிடையாது. பழநி, திருப்பதி, மகனின் கல்லூரி, மருமகள் சீமந்தம் என்று எங்கே போனாலும் கூட நாலு பேர் இருப்பார்கள். அதனால் ஐந்து இரவு மலேசியா என்று முடிவானபோது எனக்கும் சந்தோஷம்தான்.

கிளம்புவதற்கு முன், என் பாஸ்போர்ட்டை என் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “நீ எதுக்குத் தனியா சுமக்குறே? எல்லாம் என்கிட்ட இருக்கு. சேர்ந்துதானே போறோம்!” என்றார். மலேசிய சிம் இரண்டு வாங்கலாமா என்றதற்கும் அதே பதில். பயணத்தில் நேர்ந்த ஒவ்வொரு குளறுபடிக்கும் பின்னால் அந்த ஒரே வாக்கியம் நின்றுகொண்டிருந்தது.

14-ஆம் தேதி ராத்திரியா, 15-ஆம் தேதி ராத்திரியா?

முதல் குளறுபடி வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது. டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 00.20 மணி என்று இருந்தது. டிக்கெட் அவருடைய போனில் மட்டும். ‘15-ஆம் தேதி ராத்திரி கிளம்புகிறோம்’ என்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

காப்பாற்றியது எங்கள் தெருவில் கார் வைத்திருக்கும் தம்பி. வாரத்தில் நாலு நாள் விமான நிலையத்துக்குச் சவாரி போகிறவர். “அண்ணே, பன்னிரண்டு இருபதுன்னா 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பணும்ணே. 15 ராத்திரி போனா பிளேன் போயி ஒரு நாள் ஆயிருக்கும்” என்றார். மாதத்துக்கு ஒரு குடும்பமாவது இப்படி ஒரு நாள் பிந்தி வந்து நிற்கிறார்களாம். நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறிவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் நம் மனசில் விடியும்போதுதான் நாள் மாறுகிறது. டிக்கெட்டை இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

“எந்த ஹோட்டல்?”

கோலாலம்பூரில் இறங்கியதும் குடிநுழைவுச் சோதனை. ‘இமிக்ரேஷன்’ என்பதை அங்குள்ள தமிழர்கள் குடிநுழைவு என்று அழகாகச் சொல்கிறார்கள். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ‘டிஜிட்டல் வருகை அட்டை’யை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. மகன் எங்கள் இருவருக்கும் நிரப்பி, இரண்டையும் அப்பாவின் இமெயிலுக்கு அனுப்பியிருந்தான்.

வரிசையில் சேர்ந்துதான் நின்றோம். ஆனால் கவுன்ட்டரில் ஒருவர் ஒருவராகத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒன்றில், நான் இன்னொன்றில். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: எத்தனை நாள், எந்த ஹோட்டல், திரும்பும் டிக்கெட் எங்கே? நான் நாலு கவுன்ட்டர் தள்ளி நின்றவரைக் கை நீட்டிக் காட்டினேன். அதற்குள் அவர் முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வர விடமாட்டார்கள். அவர் அங்கிருந்து போனைத் தூக்கிக் காட்ட, நான் இங்கிருந்து தலையாட்ட, பக்கத்துக் கவுன்ட்டரில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் நடுவில் மொழிபெயர்க்க, பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தேன். ஹோட்டல் பெயரும் திரும்பும் தேதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு போதும்; அது என்னிடம் இல்லை.

வராத பெட்டி

அடுத்தது சாமான் சுற்றும் பட்டை. அவருடைய நீலப் பெட்டி வந்தது. என் பெட்டி வரவில்லை. பட்டை நின்று, விளக்கும் அணைந்துவிட்டது. என் துணிமணி மட்டும் என்றால் பரவாயில்லை. இருவருடைய மாத்திரைகளும் ஒரே டப்பாவில், அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், எனக்குத் தைராய்டு. டப்பாவைக் கைப்பையில் வைத்தால் கனக்கும் என்று பெட்டிக்கு மாற்றியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்று நல்லபடியாக நடந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் சாமான் கவுன்ட்டரில் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொண்டோம். இது மிக முக்கியம். பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா, மலேசியா இரண்டுமே சேர்ந்திருக்கின்றன. அதன்படி பெட்டி உடைந்து வந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். 21 நாள் ஆகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுக்கும் அந்தச் சின்னச் சீட்டுதான் இதற்கெல்லாம் ஆதாரம். அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

பெட்டி மறுநாள் மாலை ஹோட்டலுக்கே வந்துவிட்டது. அதுவரை மாத்திரைக்கு என்ன செய்வது? மருந்துக் கடையில் எங்கள் ஊர் பிராண்டு பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. மருமகள் வீட்டிலிருந்து மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதில் மெட்ஃபார்மின், தைராக்சின் என்று மூலப்பெயர்களை டாக்டர் எழுதியிருந்ததைப் பார்த்ததும்தான் மருந்தாளுநருக்கு விஷயம் புரிந்தது. பிராண்டு பெயர் ஊருக்கு ஊர் மாறும். மூலப்பெயர் பெரும்பாலும் உலகம் முழுக்க ஒன்றுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸும் பத்துமலையும்

நாங்கள் தங்கியது கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் குடியேறிய பகுதி. 2010 அக்டோபரில் ‘லிட்டில் இந்தியா’வாக அலங்கரித்துத் திறந்து வைத்தார்கள். முக்கியச் சாலைக்குப் பெயரே துன் சம்பந்தன் சாலை. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் அவர். பூக்கடையில் மல்லிகையும், ஹோட்டலில் வாழை இலைச் சாப்பாடும், காதில் தமிழ்ப் பாட்டும். “பசியாறிட்டீங்களா?” என்று கேட்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு ‘பசியாறல்’ என்றுதான் அங்கே சொல்கிறார்கள்.

மறுநாள் பத்துமலை. கே.எல். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் போனால் கடைசி நிறுத்தம். அந்த ரயிலில் பெண்களுக்கு மட்டும் என்று இளஞ்சிவப்பு அடையாளத்தோடு பெட்டிகள் உண்டு. என்னோடு ஏறிய இவரைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி நிறுத்தம் என்பதால் கவலை இல்லை. ஆனால் ‘சேர்ந்துதானே போறோம்’ என்பது நம் கையில் மட்டும் இல்லை என்று அப்போதே ஒரு மணி அடித்ததாகத்தான் இப்போது தோன்றுகிறது.

140 அடி உயர முருகன் 2006 ஜனவரியிலிருந்து அங்கே பொன்னிறத்தில் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் 272 படிகள். 2018-இல் வானவில் போல வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மேலே ஏறினால் சுண்ணாம்புப் பாறைக் குகை; கூரையில் ஒரு பெரிய திறப்பு; அதன் வழியாக வெயில் இறங்கி நேராகத் தரையில் விழுகிறது. தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழ்ப் பெரியவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே முருக வழிபாட்டைத் தொடங்கி வைத்தாராம். இன்று தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். குரங்குகள் மட்டும் ஜாக்கிரதை. தேங்காய் மூடி இருந்த பையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போனதைப் பார்த்ததும், இவர் இடுப்புப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக் கதவு மூடியது

அன்று மாலை இரட்டைக் கோபுரம். 88 மாடி, 452 மீட்டர். 1998 முதல் சில ஆண்டுகள் உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். விளக்கு போட்டதும் வெள்ளிக் கலசம் மாதிரி மின்னியது. பூங்காவில் நீரூற்று பார்த்துவிட்டு, திரும்புவதற்குள் அலுவலகம் முடிந்து வருகிறவர்களின் கூட்டம் சேர்ந்துவிட்டது.

என் போன் அறையில் இருந்தது. மலேசியாவில் பிளக் வேறு மாதிரி. மூன்று தட்டைக் கால்கள். நாங்கள் கொண்டுபோன அடாப்டர் ஒன்றே ஒன்று. முதல் நாள் ராத்திரி முழுக்க அவருடைய போன் சார்ஜ் ஏறியது. என் போன் உயிர் போய்க் கிடந்தது. “என் போன் இருக்கே, போதும்” என்றார்.

அந்த நகர ரயிலுக்குச் சீட்டுக்குப் பதில் நீல நிற பிளாஸ்டிக் டோக்கன் தருகிறார்கள். உள்ளே போகும்போது இயந்திரத்தில் காட்ட வேண்டும். வெளியே வரும்போது அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். உள்ளே நுழைந்ததும் என் டோக்கனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ரயில் வந்தது. ஓட்டுநர் இல்லாத தானியங்கி ரயில். கூட்டம் தள்ளியதில் அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டிக் குழந்தை. நான் ஒதுங்கி வழி விட்டேன். அதற்குள் நடைமேடையின் கண்ணாடிக் கதவும் ரயிலின் கதவும் ஒன்றாக மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ரயில் நகர்ந்துவிட்டது.

முதல் ஐந்து நிமிஷம் பயமில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வந்துவிடுவார் என்று நின்றேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ரயில்கள் வந்து போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் முகங்களைத் தேடினேன். அடுத்த ரயிலில் ஏறிவிடலாமா? எந்த நிலையம் என்று பெயர் தெரியும்; ஆனால் இறங்கினால் டோக்கன் இல்லாமல் வெளியே வர முடியாது. நான் ஏறிய நேரத்தில் அவர் இங்கே வந்து இறங்கினால்? வெளியே போனாலும் எந்த ஹோட்டல் என்று கேட்டால் பெயர் வாயில் நுழையவில்லை. 57 வயதில், பேரப்பிள்ளை எடுத்த பிறகு, திருவிழாவில் கைவிட்டுப்போன குழந்தை மாதிரி நின்றேன். அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொண்டது அப்போதுதான்.

அரை மணி நேரம் தாண்டியிருக்கும். கழுத்தில் அலுவலக அட்டை மாட்டிய ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், என்னைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். “ஆன்ட்டி, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. இந்தியாவிலேர்ந்து வந்தீங்களா?” என்றாள். தமிழைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “அழாதீங்க லா, பாத்துக்கலாம். அங்கிள் நம்பர் தெரியுமா?”

தெரியும். பிள்ளைகள் நம்பர் எதுவும் ஞாபகத்தில் இல்லை. ஆனால் அவர் நம்பர் தலைகீழாகத் தெரியும். கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு, மின் கட்டணம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று முப்பது இடத்தில் எழுதிக் கொடுத்த நம்பர் அது. அந்தப் பெண் அழைத்துப் பார்த்தாள். போகவில்லை. போனில் மலேசிய சிம் போட்டிருந்தார். நம் ஊர் சிம்மை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்.

அவள் விடவில்லை. முன்னால் 91 சேர்த்து நம்பரைப் பதிந்து, வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். சிம் மாறினாலும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே இருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது மணியில் எடுத்தார். அவர் கே.எல். சென்ட்ரலில் இருந்தார். ‘ரூம் அங்கேதானே இருக்கு, அடுத்த ரயிலில் வந்துடுவா’ என்று நினைத்து அங்கே வாசலில் காத்திருந்திருக்கிறார். நான் அவர் வருவார் என்று இங்கே. அவர் நான் வருவேன் என்று அங்கே. சேர்ந்து போவதைப் பற்றி மட்டுமே பேசியிருந்தோம். பிரிந்தால் எங்கே நிற்பது என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் வந்து சேரும் வரை அந்தப் பெண் என்னோடு நின்றாள். காசு கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டாள். கைப்பையில் இருந்த பிரகதாம்பாள் குங்குமத்தைக் கொடுத்தேன். நெற்றியில் வைத்துக்கொண்டு, “ஜாக்கிரதை ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிப் போனாள்.

மேஜையில் கொட்டிய பை

அன்று ராத்திரி நான் கோபப்படவில்லை, அழவும் இல்லை. சாப்பாட்டுக் கடையில் தே தாரே வரும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவராகவே இடுப்புப் பையைத் திறந்து மேஜையில் கொட்டினார். என் பாஸ்போர்ட், பாதி ரிங்கிட், ஹோட்டல் அட்டை, டிக்கெட் நகல் எல்லாவற்றையும் என் பக்கம் நகர்த்தினார்.

“நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் நானே வச்சுக்கிட்டேன்” என்றார்.

“தெரியும். ஆனா கதவு மூடினதும் எனக்குன்னு எதுவுமே இல்லையேங்க” என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எனக்கும் ஒரு சிம், இன்னொரு அடாப்டர். இரண்டும் சேர்ந்து எங்கள் ஊர்க் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஆகவில்லை.

தண்ணீர்மலைப் படியில்

அந்தப் பங்கீடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பினாங்கில் தெரிந்தது. கே.எல். சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் நான்கு மணி நேரம் போனால் பட்டர்வொர்த். அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். நம் செட்டிநாட்டு நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், 513 படிகள் கொண்ட தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலும் அங்கேதான் இருக்கின்றன.

மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இவர் பேத்தி பள்ளிக்கூடம் போகும் நேரம் தெரிய வேண்டும் என்று கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ‘மணி ஏழரைதானே, இறங்கி வந்து பசியாறலாம்’ என்று படியேறினார். அங்கே அப்போது பத்து மணி.

பாதி மலையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. சற்றுக் கீழே ஒரு பெண்மணி குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்தார். என் பணத்தில் இனிப்பான பானம் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். நினைவு இருந்து விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் அளவு சர்க்கரை, அதாவது மூன்று, நான்கு டீஸ்பூன். 15 நிமிஷம் பொறுத்துப் பார்த்து, தேவையென்றால் மறுபடி. எங்கள் டாக்டர் எப்போதோ சொன்னது கைகொடுத்தது. கையில் போன் இருந்தது. சரியாகவில்லை என்றால் அழைக்க அந்த ஊர் அவசர எண் 999 என்பதும் தெரிந்திருந்தது. கால் மணியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பணமும் போனும் அவர் இடுப்பிலேயே இருந்திருந்தால், நடுங்கும் மனிதரின் பையைத் துழாவி, பூட்டிய போனுக்குக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன். அவருக்கும் அது தெரிந்தது. கீழே இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்பி மலேசிய நேரம் வைத்தார்.

ஜோடியாகக் கிளம்புகிறவர்களுக்கு

* பாஸ்போர்ட் அவரவரிடம். முதல் பக்கத்தின் நகல் மட்டும் ஒருவருடையது இன்னொருவரிடம். இருவர் போனிலும் இரண்டின் படமும் இருக்கட்டும்.

* பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஏ.டி.எம். கார்டும் ஆளுக்கு ஒன்று.

* ஹோட்டல் பெயர், முகவரி, தொலைபேசி எண், துணைவரின் எண், வீட்டில் ஒருவர் எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். போன் அணைந்தாலும் காகிதம் அணையாது.

* பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நாங்கள் வைத்திருக்கும் விதி: கீழே நிற்பவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ரயிலில் போனவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும்.

* மாத்திரைகள் கைப்பையில், இருவர் பையிலும் பிரித்து. மூலப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் மாறுவதால் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* துணிகளை ‘உன் பெட்டி, என் பெட்டி’ என்று வைக்காமல் இரண்டு பெட்டியிலும் கலந்து வையுங்கள். ஒன்று தாமதமானாலும் இருவருக்கும் மாற்றுத் துணி இருக்கும்.

* பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். கொப்பரைத் தேங்காயை எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றக்கூடியது என்று விமானத்தில் அனுமதிப்பதில்லை. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போகிறவர்கள் மசாலாவோடு கசகசா எடுத்துப் போகவே கூடாது. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

* நம் இனிஷியல் வழக்கத்தால் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் சுற்றுலா அனுமதி தருவதில்லை. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று இருவரும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

* ‘எல்லாம் கட்டியாச்சு’ என்று போனாலும் மலேசிய ஹோட்டல்களில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. சில்லறையாக வைத்திருங்கள்.

* பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீஸில் புகார். அந்த நகலோடு இந்தியத் தூதரகம். அவசரமாக ஊர் திரும்ப ஒரு வழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதன் பிறகு அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையிலும் வெளியேற அனுமதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட் எண் கையில் இருந்தால் இந்த வேலை பாதியாகும்.

அடுத்ததாக இலங்கை போகலாம் என்று பேச்சு நடக்கிறது. டிக்கெட் விவரம் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று டிராவல்ஸில் கேட்டபோது, இவர் இரண்டு இமெயில் முகவரி கொடுத்தார். இரண்டாவதாகக் கொடுத்தது என்னுடையது. போன மாதம்தான் அதைத் திறந்தேன்.